இயங்காமல் போன நாஸ் பெட்டி: இரண்டு வன்தட்டுகளில் எதை நம்பிக் கோப்புகளை மீட்பது?

கொள்ளிடக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வன்தட்டுகள் பொருத்தக்கூடிய நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இயங்கி வந்தது. இரண்டும் 4 டெராபைட் வன்தட்டுகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதிவாகும் ரெய்டு 1 முறையில் அவற்றை அமைத்திருந்தேன். குடும்பப் புகைப்படங்கள், அப்பாவின் நாதஸ்வரக் கச்சேரிகளை ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய கோப்புகள், தங்கை நடத்தும் தையல் வகுப்பின் காணொளிகள், வரவு செலவுக் கணக்குகள் ஆகிய யாவும் அதில்தான் உள்ளன.

சென்ற வாரம் ஓர் இரவில் இடி மின்னலுடன் மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்தது. அதன் பிறகு அந்தப் பெட்டி நெட்வொர்க்கில் தென்படவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, நீல விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை. ரவுட்டரின் பட்டியலிலும் அதன் முகவரி இல்லை. வாங்கிய கடையில் விசாரித்தபோது, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதென்றும், புதிய பெட்டி வாங்கி இந்த வன்தட்டுகளைப் போட்டு செட்டப் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் கூறினார்கள். செட்டப் கொடுத்தால் உள்ளே இருப்பவை அழிந்துவிடாதா என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

ஒரு வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி டாக் (வன்தட்டைச் செருகி யூஎஸ்பியில் இணைக்கும் கருவி) வழியாக விண்டோஸ் மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரம், வட்டை இனிஷியலைஸ் செய்ய (புதிய தட்டுபோலத் தயார்படுத்த) வேண்டும் என்று கேட்டது. வேண்டாம் என்று கொடுத்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டேன். வன்தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஓசை எதுவும் வரவில்லை. இந்த நிலையில் கோப்புகளை நானே எடுக்க இயலுமா, அல்லது தரவு மீட்பு நிறுவனத்தை நாடுவதுதான் முறையா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மின்கம்பி எழுதியது:

வேண்டாம் என்று கொடுத்தது நல்லதாயிற்று. இனிஷியலைஸ் என்பதற்குச் சம்மதித்திருந்தால் வன்தட்டின் தொடக்கத்தில் இருக்கும், அதன் பிரிவுகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணை மாற்றி எழுதப்பட்டிருக்கும். அதன் பிறகும் கோப்புகளை மீட்க வழி உண்டு, ஆனால் தேவையில்லாமல் வேலை கூடியிருக்கும்.

முதலில் அடாப்டரைச் சோதியுங்கள். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் இயங்குபவை. 3.5 அங்குல வன்தட்டு ஒன்று சுழலத் தொடங்கும் சில நொடிகளில் மட்டும் 2 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும். வயதான அடாப்டரை மல்டிமீட்டரில் வெறுமனே அளந்தால் 12 வோல்ட் காட்டும். சுமை ஏறியவுடன் மின்னழுத்தம் சரிந்து, பெட்டி தொடங்கித் தொடங்கி நின்றுவிடும். விசிறி சுற்றி விளக்கு மட்டும் எரிவது இதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அதே வோல்ட்டும், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியரும், அதே முனைத் துருவமும் கொண்ட அடாப்டர் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் மின்னணுக் கடையிலோ வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஆனால் இந்தச் சோதனையை வன்தட்டுகள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பெட்டியில் செய்யுங்கள். அரைகுறையாக உயிர்பெறும் பெட்டி ரெய்டை மறுகட்டமைப்பு செய்ய (ஒரு தட்டில் உள்ளதை மற்றதன் மேல் எழுத) முற்படக்கூடும். அதற்கு இப்போது இடம் கொடுக்கக் கூடாது. வெறும் பெட்டிக்குச் சுமை குறைவு என்பதால் பழைய அடாப்டரிலேயே அது எழுந்துவிட்டால், பழுது அடாப்டரில்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

கழற்றும்போது எந்தத் தட்டு எந்த அறையில் இருந்தது என்பதை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். வன்தட்டின் மேலுள்ள வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எது எது என்ற குழப்பம் வந்தால் அந்த எண்தான் கைகொடுக்கும்.

பெட்டியின் போர்டே போயிருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. வீட்டு உபயோக நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இயங்குவது லினக்ஸ்தான். ரெய்டு என்பதும் லினக்ஸ் கெர்னலின் (அதன் மையப்பகுதியின்) எம்டி என்னும் மென்பொருள் அடுக்கு. அதன்மேல் சில பெட்டிகளில் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம் என்ற அடுக்கு இருக்கும். அதற்கும் மேல் இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இருக்கும். ஆகவே சாதாரண மேசைக் கணினியில் லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து துவக்கினால், பெட்டி இல்லாமலேயே தட்டைப் படிக்கலாம். ரெய்டு 1 என்பதால் ஒரு தட்டே போதும். போர்டு மட்டும் செத்து வன்தட்டுகள் நலமாக இருப்பது புதிதும் அன்று. இன்டெல் ஆட்டம் சி2000 வரிசைச் செயலிகளில் கடிகார சிக்னல் நின்றுபோகும் வடிவமைப்புக் குறை 2017ஆம் ஆண்டில் வெளியானபோது, அச்செயலி பொருத்திய நாஸ் பெட்டிகள் இப்படித்தான் ஒருநாள் திடீரென எழாமல் போயின. உள்ளே இருந்த தட்டுகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மற்றொன்று, அந்த டாக்கை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். லினக்ஸ் பார்ட்டிஷன்கள் உள்ள தட்டை விண்டோஸ் சரியாகக் கண்டால், டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாத பார்ட்டிஷன்களாகக் காட்டுமே தவிர, இனிஷியலைஸ் செய்யச் சொல்லாது. அப்படிக் கேட்டது என்றால் அட்டவணையையே அதனால் படிக்க முடியவில்லை என்று பொருள். சில டாக்குகள் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளின் 512 பைட் செக்டரை (தட்டின் மிகச் சிறிய சேமிப்புக் கூறை) 4096 பைட்டாக மாற்றிக் காட்டுவதால் இவ்வாறு நேர்கிறது. தாய்ப்பலகையின் சாட்டா இணைப்பில் நேரடியாகப் பொருத்துங்கள்.

ஈரோட்டு நண்பன் எழுதியது:

அதே மாதிரிப் பெட்டி பழையதாகக் கிடைத்தால் வாங்கித் தட்டுகளை மாற்றிப் போடலாமே? என் உறவினர் ஒருவர் அவ்வாறு செய்து, எல்லாம் பழையபடியே வந்துவிட்டது. கணினி அறிவு அதிகம் இல்லாதவர்களுக்கு அது எளிய வழி என்பது என் கருத்து.

மின்கம்பி எழுதியது:

நண்பர் சொல்வது தவறில்லை. அதே நிறுவனத்தின் பெட்டிக்குள் தட்டுகளை மாற்றிப் போடுவதைப் பல தயாரிப்பாளர்கள் முறையாகவே அனுமதிக்கிறார்கள். ஆனால் தட்டுகள் இரண்டும் நலமாக உள்ளன, இரண்டிலும் ஒரே தரவு உள்ளது என்று உறுதியானால்தான் அந்த வழி பாதுகாப்பானது. அந்த உறுதி நமக்கு இன்னும் கிடைக்கவில்லை. முதலில் பார்ப்போம், எழுதுவதெல்லாம் அதன் பிறகு.

கொள்ளிடக்கரை எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. வேறு அடாப்டர் போட்டும் வெறும் பெட்டியில் அதே நீல விளக்குதான். ஆகவே போர்டு போய்விட்டது என்றே கொள்கிறேன். சித்தப்பா மகனின் மேசைக் கணினியில் உபுண்டுவை யூஎஸ்பியிலிருந்து துவக்கி, தட்டுகளை ஒவ்வொன்றாகச் சாட்டா கேபிளில் இணைத்துப் பார்த்தோம். நீங்கள் கூறியபடியே இம்முறை பார்ட்டிஷன்கள் ஒழுங்காகத் தெரிந்தன: இரண்டு சிறியவை, மூன்றாவது மிகப் பெரியது. எதையும் மவுன்ட் செய்யவில்லை (கோப்புகளைப் பார்க்கும்படி திறக்கவில்லை).

எம்டி ரெய்டைக் கையாளும் எம்டிஅட்மின் கருவியின் எக்ஸாமின் கட்டளையைப் பெரிய பார்ட்டிஷன் மீது கொடுத்தபோது கிடைத்த விவரம் எனக்குப் புரியவில்லை. முதல் அறைத் தட்டில் அப்டேட் டைம் என்பது பெட்டி நின்ற அதே இரவைக் காட்டுகிறது. இரண்டாம் அறைத் தட்டில் அது சென்ற ஆண்டு நவம்பரைக் காட்டுகிறது. ஈவென்ட்ஸ் எண்ணும் முதல் தட்டில் மிக அதிகம். அர்ரே ஸ்டேட் என்ற வரியில் முதல் தட்டு ஓர் ஏ எழுத்தையும் ஒரு புள்ளியையும் காட்ட, இரண்டாம் தட்டு இரண்டு ஏ எழுத்துகளைக் காட்டுகிறது. இரண்டு ஏ இருப்பதால் இரண்டாம் தட்டுதான் சரியானது என்று தம்பி கூறுகிறான்.

தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் விவரத்தில், முதல் தட்டின் 197ஆம் வரியான கரன்ட் பென்டிங் செக்டர் (படிக்கச் சிரமப்படும் செக்டர்களின் எண்ணிக்கை) நூற்றைத் தாண்டியிருக்கிறது. இரண்டாம் தட்டில் பழுதான செக்டர்களைக் காட்டும் 5, 197, 198 மூன்றுமே சுழியம். 199ஆம் வரியில் மட்டும் பெரிய எண் ஒன்று இருக்கிறது.

மின்கம்பி எழுதியது:

தம்பி கூறுவதற்கு நேர்மாறானதுதான் உண்மை. இரண்டாம் தட்டு சென்ற நவம்பரில் ரெய்டிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டது. வெளியேற்றப்பட்ட தட்டில் அதன் பிறகு எதுவும் எழுதப்படாது என்பதால், தான் நீக்கப்பட்ட செய்தியே அதற்குத் தெரியாது. இருவரும் நலம் என்று தன் கடைசிக் குறிப்பில் இருந்ததையே அது இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. முதல் தட்டோ துணை போய்விட்டதை அறிந்து, புள்ளி வைத்துக் குறித்திருக்கிறது. ஈவென்ட்ஸ் எண் எதில் கூடுதலோ அதுவே அண்மைக் காலத் தரவைக் கொண்ட தட்டு.

ஆக, உங்களிடம் இருப்பவை ஒரே தரவின் இரண்டு பிரதிகள் அல்ல. ஒன்று புதியது, ஆனால் நோயுற்றது. மற்றது ஆரோக்கியமானது, ஆனால் நவம்பரோடு நின்றுவிட்டது. புதிய பெட்டியில் இரண்டையும் போட்டுச் செட்டப் கொடுப்பதோ, எம்டிஅட்மினில் ஃபோர்ஸ் கொடுத்து இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதோ ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும். மறுஒத்திசைவு சரியான திசையிலேயே நடந்தாலும், படிக்க இயலாத செக்டர்களைக் கொண்ட முதல் தட்டு பல மணி நேரம் இடைவிடாமல் உழைக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, நலமாக இருக்கும் நவம்பர்ப் பிரதியும் அழிக்கப்பட்டுவிடும். இரண்டு தட்டுகளையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் இணைக்காமல் இருப்பதே நல்லது. துவங்கும்போது தானாகவே ரெய்டைச் சேர்க்கும் லினக்ஸ் பதிப்புகள் உண்டு.

இனிச் செய்ய வேண்டியது முதல் தட்டை முழுமையாகப் படியெடுப்பது. அதற்கு ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். 6 அல்லது 8 டெராபைட் கொள்ளளவுள்ள மூன்றாவது தட்டு ஒன்றை வாங்கி, இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்து, அதில் ஓர் இமேஜ் கோப்பாக (முழுத் தட்டையும் அப்படியே கொண்ட ஒரே கோப்பாக) படியெடுங்கள். இக்கட்டளையில் மூலம் முதலில், இலக்கு அடுத்து, மேப் கோப்பு மூன்றாவது. மூலமும் இலக்கும் இடம் மாறினால் இருக்கும் தரவும் போய்விடும் என்பதால், வரிசை எண்ணை ஒட்டுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே என்டர் தட்டுங்கள். மேப் கோப்பு கட்டாயம் வேண்டும்: எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது படிக்கப்படவில்லை என்பது அதில்தான் பதிவாகிறது, இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் சுற்றில் பழுதான இடங்களைச் சுரண்டிப் படிக்கும் கட்டத்தைத் தவிர்க்கும் விருப்பத்தைக் கொடுங்கள். நல்ல பகுதிகள் முழுவதும் கைக்கு வந்த பின், விடுபட்ட இடங்களுக்கு மட்டும் இரண்டாம் சுற்று நடத்தலாம். குறையற்ற 4 டெராபைட் தட்டைப் படியெடுக்கவே 7, 8 மணி நேரம் ஆகும். உங்கள் தட்டுக்குக் கூடுதலாக ஆகலாம். கணினியை யூபிஎஸ்ஸில் இணைத்து, தட்டின் மீது மேசை விசிறிக் காற்று படும்படி வையுங்கள்.

கருங்குயில் எழுதியது:

தரவு மீட்புக் கூடம் ஒன்றில் பணிபுரிபவள் என்ற முறையில் சில சொற்கள். படியெடுக்கும்போது தட்டிலிருந்து டிக், டிக் என்ற ஒழுங்கான ஓசை வந்தாலோ, சுழற்சி நின்று நின்று தொடங்கினாலோ உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். அது ஹெட் (தகட்டைப் படிக்கும் முனை) பழுதடைந்ததன் அறிகுறி. அந்த நிலையில் ஒவ்வொரு முறை இயக்குவதும் தட்டின் காந்தப் பரப்பைக் கீறக்கூடும். கீறப்பட்ட பரப்பில் இருந்ததை எந்தக் கூடமும் திருப்பித் தர இயலாது. பென்டிங் செக்டர்கள் மட்டும் இருந்து ஓசையில்லாமல் படிக்கும் தட்டை வீட்டில் படியெடுப்பதில் தவறில்லை. எங்களிடம் வந்தாலும் முதல் வேலை படியெடுப்பதுதான்.

வன்தட்டைக் குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் யோசனையை எவராவது சொன்னால் ஏற்க வேண்டாம். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் உள்ளே தகடுகளில் படியும். நம் ஊர்க் காற்றில் அது இன்னும் விரைவு. அதேபோல, எரிந்த சர்க்யூட் போர்டுக்குப் பதிலாக அதே மாடலின் போர்டை மாட்டினால் போதும் என்பதும் பழைய கதை. இன்றைய தட்டுகளில் அந்தத் தட்டுக்கே உரிய அளவுத்திருத்த விவரங்கள் போர்டிலுள்ள ஒரு சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பையோ அதன் உள்ளடக்கத்தையோ மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

டிடிரெஸ்கியூ முடிந்த பிறகு விடுபட்ட செக்டர்களுக்கு ஓர் உபாயம் உண்டு. இரண்டு தட்டுகளின் பார்ட்டிஷன் அமைப்பும் எக்ஸாமின் காட்டும் டேட்டா ஆஃப்செட்டும் (தரவு தொடங்கும் இடமும்) ஒன்றாக இருந்தால், இரண்டாம் தட்டை மூலமாகக் கொடுத்து, அதே மேப் கோப்போடு அதே இமேஜின் மீது மீண்டும் ஓட்டலாம். படிக்கப்படாத இடங்கள் மட்டும் நவம்பர்த் தட்டிலிருந்து நிரப்பப்படும்.

மின்கம்பி எழுதியது:

கருங்குயில் அவர்களின் உபாயம் நுட்பமானது. இரண்டும் ஒரே காலத்துப் பிரதிகளாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். இங்கே இடைவெளி பல மாதங்கள் என்பதால் எனக்குத் தயக்கம் உள்ளது. நவம்பரில் ஒரு கணக்குக் கோப்பு இருந்த இடத்தில் இன்று ஒரு காணொளியின் நடுப்பகுதி இருக்கலாம். அப்படி நிரப்பினால் கோப்பு முழுமையானதுபோலத் தோன்றும். உள்ளே அந்நியத் துண்டு ஒன்று கலந்திருப்பது எவருக்கும் தெரியாது. கோப்புகள் எங்கே உள்ளன என்று குறிக்கும் ஐநோட் அட்டவணை அல்லது கோப்பகத் தொகுதி அந்த இடத்தில் இருந்தால் விளைவு இன்னும் மோசம்.

அதற்கு மாற்றாக, டிடிரெஸ்கியூவிலேயே ஃபில் மோட் என்ற வசதி உண்டு. இமேஜில் படிக்கப்படாத இடங்களை மட்டும், வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு இமேஜை மவுன்ட் செய்து, அச்சொல் எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு தேடினால், பழுதான கோப்புகளின் பட்டியல் கையில் கிடைக்கும். நவம்பருக்கு முன் கடைசியாக மாற்றப்பட்டவற்றை இரண்டாம் தட்டிலிருந்து முழுக் கோப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். எது நல்லது, எது பழுது என்று தெரிந்து எடுப்பதே இதன் பயன்.

மவுன்ட் செய்வதிலும் ஒரு கவனம் தேவை. இமேஜை லூப் சாதனமாக (கோப்பைத் தட்டுபோலக் காட்டும் வசதி) ரீட்-ஒன்லி முறையில், அதாவது படிக்க மட்டும் இணைத்து, ரெய்டை அந்த ஓர் உறுப்பைக் கொண்டே ரீட்-ஒன்லியாகத் தொடங்குங்கள். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தாலும், கீழே உள்ள சாதனம் எழுத இடம் கொடுத்தால் அது ஜர்னலை (இன்னும் முடிவடையாத மாற்றங்களின் பதிவை) ஓட்டி எழுதிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நோலோட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் எதுவும் எழுதப்படாது. பெட்டி திடீரென நின்றதால் ஜர்னலில் கடைசி மாற்றங்கள் சில எஞ்சியிருக்கும். அவையும் வேண்டுமென்றால், இமேஜுக்கு இன்னொரு பிரதி எடுத்து அதில் மட்டும் ஜர்னலை ஓடவிடுங்கள்.

கருங்குயில் எழுதியது:

மாத இடைவெளியைக் கருதினால் அதுவே சரியான முறை, ஒப்புக்கொள்கிறேன். இமேஜை நிரப்புவதற்கு முன் மேப் கோப்பைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

படியெடுத்தல் முடிந்தது. தட்டு ஓசை எதுவும் எழுப்பவில்லை. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு விடுபட்டது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு என்று டிடிரெஸ்கியூ காட்டியது. அடையாளச் சொல்லைத் தேடியபோது அது அகப்பட்ட கோப்புகள் யாவும் புகைப்படங்களும் காணொளிகளுமே. கணக்குக் கோப்புகளில் ஒன்றுகூட இல்லை. புகைப்படங்கள் அனைத்தும் பழையவை என்பதால் இரண்டாம் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவின் கச்சேரிக் கோப்புகள் பழுதின்றி வந்துவிட்டன. சிலவற்றை முழுவதும் ஓடவிட்டுக் கேட்டும் பார்த்தேன். நவம்பருக்குப் பிறகு சேர்ந்த தையல் வகுப்புக் காணொளிகள் இரண்டில் மட்டும் குறை உள்ளது. ஒன்று, சட்டைக் கழுத்துக்குப் பட்டி வைக்கும் இடத்தில் சில நொடிகள் கட்டம் கட்டமாகச் சிதறி, பிறகு சீராகிறது. மற்றது திறக்கவே இல்லை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. திறக்காத அந்த எம்பி4 கோப்புக்கு ஏதேனும் வழி உண்டா? இரண்டாம் தட்டை மீண்டும் பயன்படுத்தலாமா?

மின்கம்பி எழுதியது:

எம்பி4 கோப்பில் மூவ் என்ற அட்டவணைப் பகுதி ஒன்று இருக்கும். படமும் ஒலியும் கோப்பின் எந்தெந்த இடத்தில் உள்ளன என்பது அதில்தான் பதிவாகியிருக்கும். சிதறி ஓடும் கோப்பில் பழுது படத்தின் மீது விழுந்திருக்கிறது. திறக்காததில் அது பெரும்பாலும் அந்த அட்டவணை மீது விழுந்திருக்கும். அதே கைபேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல காணொளி ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற கருவி அட்டவணையை மீண்டும் அமைக்க முயலும். பலமுறை அது பலனளிப்பதைக் கண்டிருக்கிறேன். கோப்பின் பிரதியில் முயலுங்கள்.

இரண்டாம் தட்டைப் பொறுத்தவரை, 199ஆம் வரி தட்டின் பரப்பைப் பற்றியதன்று. தட்டுக்கும் போர்டுக்கும் இடையிலான இணைப்பில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. பழைய பெட்டியின் இரண்டாம் அறை இணைப்பான் தளர்ந்தோ அழுக்கேறியோ இருந்து, அதனாலேயே நவம்பரில் தட்டு வெளியேற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த எண் குறையாது, ஆனால் நல்ல கேபிளில் இணைத்த பின் மேலும் ஏறாமல் இருந்தால் தட்டின் மீது குற்றமில்லை. எல்லாக் கோப்புகளையும் திறந்து சரிபார்த்து, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதியும் எடுத்த பிறகு, ஸ்மார்ட் நீண்ட சோதனையை ஓட்டுங்கள். அதில் தேறினால் பழைய ரெய்டு குறிப்பை எம்டிஅட்மின் கொண்டு அழித்துவிட்டுப் பயன்படுத்தலாம். புதிய பெட்டி வாங்கினால் தட்டு வெளியேறும்போது மின்னஞ்சல் அனுப்பும் வசதியை முதல் நாளே இயக்கிவிடுங்கள். இந்த முறை அந்தச் செய்தி பல மாதங்களாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. முதல் தட்டு உத்தரவாதத்தில் இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்புவதற்கு முன் யோசியுங்கள்; அதில் உங்கள் வீட்டுக் கணக்குகள் அனைத்தும் இன்னும் படிக்கும் நிலையிலேயே உள்ளன.